இதை ஆர் தொட்டது?

அவருடைய பெயரை நான் எழுதப்போவதில்லை. பயத்தினால் அல்ல. மரியாதையினால் நிச்சயமாக அல்ல. எழுதினால் யாராவது அவருக்கு வாசித்துக் காட்டுவார்கள். அவர் முழுவதையும் கேட்கமாட்டார். "இதை ஆர் எழுதினது?" என்பார். பிறகு என்னை விட்டுவிட்டு, எனக்கு அகரம் படிப்பித்த ஆசிரியை வரைக்கும் போய்ப் பிழை பிடிப்பார். அந்த அம்மா பாவம், ஓய்வூதியம் எடுத்துக்கொண்டு உவர்மலையில் நிம்மதியாக இருக்கிறார்.

திருகோணமலையில் உட்துறைமுகத்தின் ஓரமாகச் சீனக்குடாவுக்குப் போகும் வீதியில் அவருடைய கராஜ் இருந்தது. தகரக் கூரை, எண்ணெய் ஊறிக் கறுத்த மணல், ஒரு வேப்பமரம், ஒரு கிணறு. பெயர்ப் பலகை கிடையாது. பலகை எழுத வந்தவனிடம் பக்கத்துக் கடைப் பலகையைக் காட்டி, அதை எழுதின கழுதை ஆர் என்று கேட்டாராம். அதை எழுதியதும் அவனேதான். அவன் வாளியையும் தூரிகையையும் தூக்கிக்கொண்டு போய்விட்டான் என்பார்கள். உண்மையோ தெரியாது, ஆளுக்குப் பொருந்தும் கதை.

வாகனத்துக்கு என்ன வருத்தம் என்று அவர் ஒருநாளும் முதலில் கேட்டதில்லை. முன் மூடியை, பொனற்றை, திறப்பார். ஒரு கையை இடுப்பில் வைத்துக் குனிவார். நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி எடுத்து "ம்ச்" என்று ஒரு சத்தம். பிறகு நிமிராமலே அந்தக் கேள்வி வரும்.

"இதை ஆர் தொட்டது?"

அது கேள்வியே அல்ல. பதில் அவருக்கு எப்போதும் தெரியும். தொட்டது ஒரு கழுதை. எந்த ஊர்க் கழுதை என்பதுதான் மிச்சம். கிண்ணியாவில் வேலை செய்வித்திருந்தால் அது உப்புக் கழுதை. தோப்பூரில் என்றால் உழவு மெசின் கழுதை. கொழும்பில், கார் விற்ற இடத்திலேயே செய்வித்திருந்தால் சப்பாத்துப் போட்ட கழுதை. சப்பாத்துப் போட்டதுகளில்தான் அவருக்குக் கூடிய வெறுப்பு. அவர்களுடைய வேலையைக் கண்டால் பக்கத்தில் நிற்கிற எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டுவார். நாங்களும் ஒரு மண்ணும் விளங்காமல் எட்டிப் பார்த்துத் தலையை ஆட்டுவோம்.

அப்படியிருந்தும் அங்கே ஏன் ஆட்கள் போனார்கள் என்று நான் பல நாள் யோசித்திருக்கிறேன். வாகனம் பழுதானால் எங்கள் எல்லாருக்கும் உள்ளுக்குள் ஒரு குற்ற உணர்வு இருக்கிறது. எண்ணெய் மாற்றாமல் ஓட்டியிருப்போம், பள்ளத்தில் விழுத்தியிருப்போம், சத்தம் கேட்டும் கேளாத மாதிரி இருந்திருப்போம். அவர் குனிந்து "ம்ச்" என்றதும் அந்தப் பாரம் அங்கே இல்லாத ஒருவனின் தலைக்குப் போய்விடும். அதற்காகத்தான் போனோம். திருத்த வேலை அவருக்கும் எங்களுக்கும் இரண்டாம் பட்சம்.

கராஜுக்கு வெளியிலும் மனுசன் அப்படித்தான். தலைமயிர் வெட்டப் போன இடத்தில் கதிரையில் இருந்தபடியே, போன முறை இதை ஆர் வெட்டினது என்று கேட்டிருக்கிறார். போன முறையும் அதே கடைதான். பல்லுக் கழற்றப் போய், டொக்டருக்கு வாயைக் காட்ட முதல், மற்றப் பக்கத்துப் பல்லைக் கழற்றின டொக்டரைப் பற்றிக் குறை சொல்லித் தீர்த்திருக்கிறார். எங்கள் ஒழுங்கையில் ஒரு செத்த வீடு. எல்லாரும் அழுதுகொண்டிருக்க இவர் பெட்டியைச் சுற்றி ஒருமுறை நடந்தார். செத்தவரின் முகத்தைப் பார்க்கிறார் என்றுதான் நான் நினைத்தேன். மூடியின் மூலையில் விரலை வைத்து அழுத்திப் பார்த்துவிட்டு, இந்தப் பிணைச்சலை ஆர் பூட்டினது என்று மெதுவாகக் கேட்டார். மெதுவாகக் கேட்டது ஒன்றுதான் அவர் அந்த வீட்டுக்குக் காட்டிய மரியாதை.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் பொய்யாகிவிடும். அவருக்குக் காது இருந்தது. வீதியில் போகும் வாகனத்தின் சத்தத்தை வைத்து எஞ்சினில் எந்தப் பெல்ட்டுப் பட்டி தளர்ந்திருக்கிறது என்று சொல்வார். ஒருநாள் நான் போய்க்கொண்டிருக்கக் கையைக் காட்டி மறித்து, இறுக்கிவிட்டு, ஒன்றும் வாங்காமல் அனுப்பினார். நன்றி சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அந்தப் பட்டியைப் போட்டவனின் தாய் தகப்பன் வரைக்கும் போய்விட்டார். சொல்ல வந்த நன்றியை விழுங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

இனி என் காரின் கதை. அது ஜப்பானில் யாரோ பாவித்துவிட்டுக் கப்பலேறி வந்த சின்னக் கார். புதிய வகை. கதவு சரியாகப் பூட்டாவிட்டால் கத்தும், இருக்கை வார் போடாவிட்டால் கத்தும், என் மாமியாரைப் போல. அதை வாங்கியவர் என் கணவர். நெல்லுக் களஞ்சியத்தில் கிளார்க்காக இருந்தார். மெக்கானிக் வேலை தெரியாது. ஆனால் காருடன் வந்த புத்தகத்தைச் சந்தேகம் கேட்டுக் கேட்டு யாரிடமாவது மொழிபெயர்ப்பித்து, அதில் சொன்னபடி செய்வார். எஞ்சினைக் குளிராக வைத்திருக்க ரேடியேற்றருக்குள் ஊற்றும் பச்சை நிறத் திரவம், கூலன்ட், அதைப் போத்தலில் வாங்கிவந்து அளந்து ஊற்றுவார். எனக்கு வாங்கித் தருகிற சர்பத்தை விட அது நல்ல நிறமாக இருக்கிறது என்று நான் பகிடி பண்ணுவேன். பெற்றோலுக்கு வரிசையில் நின்ற காலத்தில் கார் ஓடாமல் நின்றபோதும் அதன் அளவைப் பார்ப்பார். அந்த வரிசைகள் முடிந்து கொஞ்ச நாளில் ஒரு காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருந்தவர் எழும்பவில்லை.

கார் எனக்கு வந்தது. அதை வைத்துத்தான் தொழில் தொடங்கினேன். சீனக்குடாப் பக்கம் இறங்குதுறையில் மூட்டை இறக்குகிற ஆட்களுக்கு மத்தியானச் சோற்றுப் பார்சல். விடியவே சமைத்து, கட்டி, காரின் பின் சீற்றை மடித்து அடுக்கி, சங்கு ஊதுவதற்கு முதல் வாயிலில் நிற்க வேண்டும். அந்த மனிதர்கள் காலையிலிருந்து முதுகில் சுமக்கிறவர்கள். சங்கு ஊதியதும் சோறு வேண்டும். பிந்தினால் கடையில் பணிஸ் வாங்கித் தின்றுவிட்டுத் திரும்பவும் வேலைக்கு ஏறிவிடுவார்கள். அங்கே மேற்பார்வை பார்க்கிற தம்பி நல்லவன், ஆனால் கண்டிப்பானவன். அந்தச் சோற்று ஓடர்தான் என் வீட்டின் அடுப்பு.

முதல் தடவை நான் அந்தக் கராஜுக்குப் போனது சாதாரண எண்ணெய் மாற்றத்துக்கு. பொனற் திறந்தது. "ம்ச்" கேட்டது. ரேடியேற்றர் மூடியைக் கழற்றி விரலை விட்டு எடுத்து, பச்சையைச் சூரியனுக்கு நேரே பிடித்தார்.

"இந்தப் பச்சைத் தண்ணியை ஆர் ஊத்தினது?"

"என்ர மனுசன்," என்றேன்.

"அவர் எங்க?"

"செத்துப்போனார் அண்ணை," என்றேன் தாழ்ந்த குரலில்.

விரலைத் துடைத்துக்கொண்டார். செத்தவரைப் பற்றிப் பிழையாகக் கதைக்கக் கூடாது என்றார். பிறகு நான் வாங்கிக் கொடுத்த தேத்தண்ணி ஆறி ஆடை படியும் வரைக்கும் செத்தவரைப் பற்றிக் கதைத்தார். கூலன்ட் என்பது பனி விழுகிற நாட்டுக்காரர் கண்டுபிடித்த சாமானாம். எஞ்சினுக்குள் இருக்கும் தண்ணீர் அங்கே உறைந்துபோகுமாம், உறையாமல் இருக்கத்தான் அதை ஊற்றுகிறார்களாம். திருகோணமலையில் எப்போதாவது பனிக்கட்டி விழுந்ததைக் கண்டிருக்கிறீர்களா என்று பக்கத்தில் நின்ற ஒவ்வொருவராகக் கேட்டார். ஒருவரும் கண்டிருக்கவில்லை. எனவே வழக்கு முடிந்தது. என் கணவர் அளந்து ஊற்றிய பச்சைத் தண்ணீர் முழுவதும் கறுத்த மணலில் ஓடியது. அவர் கிணற்றில் ஒரு வாளி அள்ளி உள்ளே ஊற்றினார்.

அந்தக் கிணறு துறைமுகக் கரையில் இருக்கிற கிணறு. அதன் தண்ணீர் உவர். அவர் அதைக் குடிக்கமாட்டார், வீட்டிலிருந்து போத்தலில் கொண்டுவருவார். அந்தக் கிணற்றுத் தண்ணீரில் பிளேன்ரீ போட்டால் பால் விடாமலே திரளும். மனிதர் குடிக்க ஏலாத தண்ணீரை எஞ்சின் குடிக்குமாம். அங்கே நின்ற யாருக்கும், எனக்கும்கூட, அது உறைக்கவில்லை. பனிக்கட்டிக் கதை அவ்வளவு நேராக இருந்தது. அந்த மனுசனில் இருந்த ஆபத்து அதுதான். அவர் சொன்னது கேட்கிறபோது எப்போதும் சரியாகவே இருக்கும்.

ஒன்றரை வருசம் போயிருக்கும். கார் நிற்கிற இடத்தில் காலையில் தவிட்டு நிறத்தில் ஒரு வட்டம் தெரிய ஆரம்பித்தது. துடைத்தால் மறுநாளும் இருக்கும். ரேடியேற்றரில் தண்ணீர் குறைந்துகொண்டே வந்தது. ஒருநாள் இறங்குதுறைக்குப் போகும் வழியில் சூட்டு முள் மேலே ஏறி, வீதியோரம் நிறுத்தி ஆறவைத்துப் போனதில் சங்கு ஊதிப் பிந்திவிட்டது. மேற்பார்வைத் தம்பி கைக்கடிகாரத்தைப் பார்த்தான். அன்று பின்னேரமே காரை அந்தக் கராஜுக்குக் கொண்டுபோனேன்.

ப்ளொக் என்கிற எஞ்சினின் பெரிய இரும்பு உடம்பில் பக்கவாட்டில் வட்ட ஓட்டைகள் இருக்கின்றன என்பதும், அவற்றைக் கிண்ணம் போன்ற சின்னத் தகட்டு மூடிகள் அடைத்திருக்கின்றன என்பதும் எனக்கு அன்றுதான் தெரியும். சோடாப் போத்தல் மூடியை விடக் கொஞ்சம் பெரியவை. அவற்றுக்குப் பின்னால்தான் தண்ணீர் ஓடுகிறது. பனி நாட்டில் தண்ணீர் உறைந்து வீங்கினால் இவை கழன்று விழும் என்று சொல்கிறார்கள். எங்கள் ஊரில் அவை உறைந்து கழலவில்லை. உவர்த் தண்ணீர் உள்ளேயிருந்து தின்று, ஊசித் துளை விழுந்து ஒழுகத் தொடங்கியிருந்தன.

அவர் குனிந்து பார்த்தார். துரு பிடித்த மூடியை நகத்தால் சுரண்டினார். "ம்ச்." இதைத் தின்றது செத்தவர் ஊற்றின பச்சைத் தண்ணீர்தான் என்றார்.

 பச்சைத் தண்ணீரை வெளியே விட்டது அவர். உவரை உள்ளே விட்டது அவர். ஒன்றரை வருசம் அந்த எஞ்சினுக்குள் ஓடியது அவருடைய கிணறு. அதைச் சொல்ல வாய் துடித்தது. சொன்னால் பொனற்றை மூடிவிட்டுப் போங்கோ என்பார், மறுநாள் சோறு எதில் போகும்? வாயை மூடிக்கொண்டேன். மண்ணுக்குள் போன ஒரு மனிதனைத் தூக்கிவந்து நிறுத்தி அடிக்கிறார்கள், மனைவி பார்த்துக்கொண்டு நிற்கிறாள். எனக்கு அன்று அப்படித்தான் இருந்தது. அன்றிலிருந்து அந்த மனுசனை எனக்குக் கண்ணில் காட்டக் கூடாது.

அன்று அங்கே, மூத்த அண்ணன் என்ற முறையில் எல்லாரும் நானா என்று கூப்பிடுகிற குறிஞ்சாக்கேணி முஸ்லிம் சாரதி ஒருவரும் வானுடன் நின்றார். கருவாட்டுப் பெட்டி ஏற்றுகிற வான். அதுவும் அவரைப் போலவே வயதானது, வாரத்தில் பாதி நாள் அந்த வேப்பமரத்துக்குக் கீழேதான் நிற்கும். என் முகத்தைப் பார்த்தவர், தங்கச்சி இப்படி இருங்கோ என்று ஒரு பழைய டயரைத் தட்டிக் காட்டினார்.

முன்னால் தெரிகிற மூடிகளை அந்த மனுசன் மாற்றினார். மூடியின் ஒரு ஓரத்தில் உளியை வைத்துத் தட்டினால் அது உள்ளே குப்புறத் திரும்பி நிற்கும், பிறகு குறட்டால் பிடித்து இழுக்க வேண்டும். முதலாவதை அவர் தட்டிய தட்டில் அது திரும்பவில்லை, உள்ளேயே விழுந்துவிட்டது. அதற்கு ஓட்டை வைத்த ஜப்பான்காரனைத் திட்டிக்கொண்டு காந்தம் விட்டுத் துழாவினார். ஓட்டையிலிருந்து கோப்பிக் கசடு மாதிரித் தண்ணீர் கொட்டியது. ஓட்டையின் ஓரத்துத் துருவை மினுக்கித் துடைத்துவிட்டுத்தான் புதிய மூடியை நேராக இறக்க வேண்டுமாம். இவர் துடைக்கவில்லை. சுத்தியலால் நாலு சாத்துச் சாத்தினார், அது போய் இருந்தது.

கடைசி ஒன்று எஞ்சினைத் தாங்குகிற இரும்புக் கைக்குப் பின்னால் ஒளிந்திருந்தது. அதைத் தொட வேண்டுமானால் எஞ்சினுக்குக் கீழே முண்டு கொடுத்து, அந்தக் கையைக் கழற்ற வேண்டும். அவர் விரலை மட்டும் விட்டுத் தடவிப் பார்த்தார். ஈரம் இருந்தது. கொஞ்ச நேரம் வேப்பமரத்தைப் பார்த்தார். பிறகு மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு மீனவ ஊரான சல்லிக்குப் போனார்.

சல்லியில் வள்ளம் உடைந்தால் பைபர் துணியை வைத்துப் பிசின் பூசி ஒட்டுவார்கள். அந்தத் துணியில் ஒரு துண்டும் ஒரு தகரத்தில் கொஞ்சப் பிசினும் கொண்டுவந்தார். காற்றடித்து ஈரத்தைக் காயவைத்து, கண்ணுக்குத் தெரியாத அந்த மூடியின் மேல் கையால் தடவித் தடவிப் பூசினார். கராஜ் முழுக்கக் கடற்கரை வாசம் அடித்தது. இது வள்ளத்துக்குப் பூசுகிற சாமானல்லவா என்று நானா கேட்டார்.

"இந்தப் பெரிய கடலையே வெளியில நிப்பாட்டுற சாமான் நானா. எஞ்சினுக்க கிடக்கிற கொஞ்சத் தண்ணி என்ன செய்யும்?"

இதுவும் கேட்கிறபோது சரியாகத்தான் இருந்தது. கடல் கொதிப்பதில்லை என்று அங்கே ஒருவரும் சொல்லவில்லை. கழுவி, டயருக்குக் கறுப்புப் பூசி, மினுங்க மினுங்கக் காரைத் தந்தார். உள்ளே திரும்பவும் அதே கிணறுதான்.

இந்தக் கதையெல்லாம் முடிந்த பிறகு, போன வருசம், மனுசன் கனடாவுக்கு, மகளிடம் போய்விட்டார். நானாவுக்கு இடைக்கிடை போன் எடுப்பாராம். போன முதல் கிழமையே பனிக்குள் நின்று மருமகனின் காரின் பொனற்றைத் திறந்து அந்தக் கேள்வியைக் கேட்டாராம். மருமகன் அன்றிலிருந்து திறப்பை, கார்ச் சாவியை, ஒளித்துவைக்கிறானாம். அங்கே உள்ளே பச்சைத் தண்ணீர் இருந்திருக்குமே, அதற்கு என்ன சொன்னாராம் என்று கேட்டேன். அந்த நாட்டில் அது சரி, திருகோணமலையில் ஒரு கழுதை அதை ஊற்றி எஞ்சினையே கெடுத்தது என்றாராம். இதைச் சொல்லிவிட்டு நானா, தான் சொல்லியிருக்கக் கூடாது என்று நினைத்தாரோ என்னவோ, தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

அவர் கனடா போக முதல் நடந்ததற்குத் திரும்புகிறேன். பூசிய பூச்சு, பூசின வருசத்து மழைக்காலம் வரைக்கும் நின்றது. அதற்குள் இன்னொரு தடவை வேறு காரணத்தால் நான் பிந்தியபோது மேற்பார்வைத் தம்பி வாய் திறந்து சொல்லிவிட்டான். இனி ஒருமுறை பிந்தினால் ஆட்கள் கேட்கமாட்டார்கள் அக்கா, வேறு இடத்தில்தான் சொல்ல வேண்டி வரும் என்றான். அவனில் பிழையில்லை.

பிறகு ஒருநாள், பின்னால் சோறு நிறைந்திருக்க, வீதி துறைமுகத்தை ஒட்டி வளைகிற இடத்தில் முன்னால் வெள்ளைப் புகை கிளம்பியது. புகையல்ல, ஆவி. காரை ஓரம் கட்டினேன். கீழே சளசளவென்று தண்ணீர் ஊற்றியது. காரின் கத்தல் ஒரு பக்கம், எனக்குள் கத்தல் ஒரு பக்கம். சோறு சூடாக இருக்கிறது, நான் ஆறிப்போனேன். ஓட்டோ ஒன்றும் வரவில்லை. வந்தது கருவாட்டு வான். நானா கேள்வி ஒன்றும் கேட்கவில்லை. பெட்டிகளை ஒரு பக்கம் தள்ளிவிட்டுப் பார்சல்களை ஏற்றினார். நாங்கள் வாயிலில் இறங்கும்போது சங்கு ஊதிக்கொண்டிருந்தது. சோறு கருவாடு மணத்தது. ஒருவன் எடுத்து முகர்ந்துவிட்டு, இன்றைக்குக் கறி கூடவோ அக்கா என்று கேட்டான். எனக்கு அழுகை வந்தது, சிரித்துச் சமாளித்தேன்.

திரும்பிவந்து காரைக் கயிறு கட்டி இழுத்துக் கராஜுக்குக் கொண்டுபோனோம். கிட்ட இருந்தது அதுதான். வேப்பமரத்துக்குக் கீழே மூன்று நாலு சாரதிகள் இருந்தார்கள். அவர் பொனற்றைத் திறந்தார். இடுப்பில் கை. டோச் லைற்றை அடித்து, ஒரு சின்னக் கண்ணாடியை எஞ்சினைத் தாங்கும் கைக்குப் பின்னால் விட்டுப் பார்த்தார். பூச்சு வெடித்து, பாதி கழன்று தொங்கியிருக்க வேண்டும். "ம்ச்" வந்தது. இந்தத் தடவை வழமையை விட நீளமாக வந்தது. மரத்துக்குக் கீழே இருந்தவர்களைக் கைகாட்டிக் கூப்பிட்டார். வந்து பாருங்கோ, எஞ்சினுக்கு வள்ளப் பிசின் ஒட்டியிருக்கிற வேலையை என்றார்.

"எந்த வள்ளக்காரக் கழுதை இதைத் தொட்டது?"

"நீங்கள்தான் அண்ணை," என்றேன்.

எட்டிப் பார்க்க வந்தவர்கள் திரும்பி என்னைப் பார்த்தார்கள். அவர் என்னைப் பார்க்கவில்லை, நானாவைப் பார்த்தார்.

"ஓம். சல்லியில இருந்து சாமான் கொண்டுவந்து நீங்கதான் பூசின. நான் இதில நிண்டு பாத்தன்," என்றார் நானா.

இந்த நேரத்துக்காக நான் மனதுக்குள் எவ்வளவோ நாள் சமைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். அவர் முகம் கறுக்கும், கண்ணாடி கையிலிருந்து விழும், இரண்டு சொல் தடுமாறும் என்றெல்லாம் நினைத்திருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. கண்ணாடியைத் திரும்பவும் உள்ளே விட்டார். ஆற அமரப் பார்த்தார். அவருடைய முகத்தில் ஒரு கனிவு வந்தது, சத்தியமாக வந்தது, சந்தைக் கூட்டத்துக்குள் தன் பிள்ளையைக் கண்டுபிடித்தவரைப் போல.

"பூச்சில பிழையில்லை," என்றார். "நல்லாத்தான் பூசியிருக்கு. இதுக்குப் பிறகு ஆரோ தொட்டிருக்கினம்."

எனக்குக் கோபம் வரும் என்றுதான் எல்லாரும் பார்த்தார்கள். வரவில்லை. கோபப்படுவதற்கு எதிரில் ஒரு ஆள் இருக்க வேண்டும். அங்கே ஒரு வாயும் ஒரு கண்ணாடியும்தான் இருந்தன. இந்த மனுசனுக்கு முன்னால் நான் என் கணவரைப் பற்றித் தாழ்ந்த குரலில் சொன்னேனே என்று நினைக்க அருவருப்பாக இருந்தது. நானே பொனற்றை மூடினேன். கை வழுக்கிப் பெரிய சத்தம் கேட்டது. அப்படி மூடக் கூடாது, பிணைச்சல் போய்விடும் என்றார். நானா கயிற்றை அவிழ்க்காமலே வைத்திருந்தார்.

குறிஞ்சாக்கேணியில் நானாவுக்குத் தெரிந்த ஒருவரிடம் கொண்டுபோனோம். பெரிய கெட்டிக்காரர் என்று சொல்லமாட்டேன். சாரம் கட்டிக்கொண்டு வேலை செய்கிறவர், கொட்டாவி விடுகிறவர், கழற்றிய ஆணியைக் கீழே தவறவிட்டுவிட்டு நெடுநேரம் தேடுகிறவர். இந்த வகைக் காரில் அந்தப் பின் மூடியைத் தான் மாற்றியதில்லை, போனில் பார்த்துத்தான் செய்ய வேண்டும் என்று முதலே சொன்னார். தெரியாது என்ற சொல்லை ஒரு கராஜில் நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அவர் குனிந்து டோச்சை அடித்தார். தொங்குகிற பைபர் துண்டைக் கண்டார். நிமிர்ந்து வாயைத் திறந்தார்.

"ஆர் தொட்டதெண்டு மட்டும் கேளாதேங்கோ தம்பி," என்றேன். "எல்லா மூடியையும் மாத்திவிடுங்கோ."

திறந்த வாயை மூடிக்கொண்டு முண்டு எடுக்கப் போனார்.

மூடிகள் கொழும்பிலிருந்து பஸ்ஸில் வர வேண்டியிருந்தது. அதுவரைக்கும் சோறு கருவாட்டு வானில் போனது. சங்குக்கு முதல் போனது. மணத்தைப் பற்றி ஆட்கள் பகிடி பண்ணினார்கள், ஓடர் கைவிட்டுப் போகவில்லை. மேற்பார்வைத் தம்பி வானைச் சுற்றி ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் போனான்.

கார் வேலை முடிகிற நாளில் போய் நின்றேன். எஞ்சினைத் தாங்கும் கையைக் கழற்றி, பூச்சைச் சுரண்டி, ஓட்டைகளின் ஓரத்தை மினுக்கி, மூடிகளை நேராக இறக்கியிருந்தார். மிச்சத் தண்ணீர் நிற்கிற பிளாஸ்ரிக் டாங்கியைக் கழற்றிக் கழுவிக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தி, அதைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். தவிட்டு நிறத்துக்கு அடியில், மூலையில், மங்கலாக ஒரு பச்சைக் கோடு. அந்த மனுசன் ரேடியேற்றரை மட்டும்தான் திறந்துவிட்டிருக்கிறார், டாங்கியைக் கழுவ நினைத்திருக்கமாட்டார்.

"அக்கா, கேக்க வேணாமெண்டு சொன்னீங்க. ஒண்டு மட்டும் கேக்கிறன்," என்றார். "முந்தி இதுக்குச் சரியான சாமான் ஊத்தியிரிக்கு. அதுதான் ப்ளொக் தப்பியிரிக்கு. அது ஆர் ஊத்தினது?"

"என்ர மனுசன்," என்றேன். இந்தத் தடவை நிமிர்ந்து சொன்னேன், வானுக்குள் இருந்த நானாவுக்கும் கேட்டிருக்கும்.

அவர் தலையை ஆட்டிவிட்டு, புதிய போத்தலைத் திறந்து பச்சையை அளந்து ஊற்றினார். சுரண்டிய பைபர் துண்டுகள் காலடியில் கிடந்தன. அவற்றை ஒட்டியது யாரென்று அவர் கேட்கவில்லை. நானும் பெயரைச் சொல்லவில்லை.